அந்தோனியார் காலடியில் ஒரு முறைப்பாட்டுப் பெட்டி

செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐம்பத்திரண்டுக்கு அந்தப் பெட்டியின் பூட்டு திறந்தது. பத்து ஐம்பத்து மூன்றுக்கு யசிந்தாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பெட்டி என்னவோ சின்னதுதான். பிளைவூட்டில் அடித்து, சிவப்புப் பெயின்ற் பூசியது. குருநகர்க் கரையில் இருக்கும் செபா கடலுணவு நிறுவனத்தில் நண்டு உடைத்துச் சதை எடுக்கும் முப்பத்தெட்டுப் பெண்களுக்கு ஏதாவது குறை இருந்தால், எழுதி அதற்குள் போடலாம். பூட்டைத் திறக்கிற திறப்பு மட்டும் அங்கே இல்லை. அது கொழும்பில் 'பசும்புள்ளி' என்ற நிறுவனத்திடம் இருந்தது. எந்தக் கொம்பனி கடலையும் மண்ணையும் மனிதரையும் ஒழுங்காக நடத்துகிறது என்று பார்த்து, 'ஏ'யில் இருந்து 'டி' வரை தரம் போடுவது பசும்புள்ளியின் தொழில்.

இந்தமுறை தரம் போட வந்தவன் நிருஷன். கோப்பாய்ப் பெடியன், முப்பது வயது, கையில் ரப்லெற் என்ற தட்டைக் கணினி. பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினான்.

கொட்டியது. கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. கொப்பித்தாள், ரிக்கற் துண்டு, பிஸ்கட் பெட்டி மட்டை. நடுவில் இரண்டு மெழுகுதிரித் துண்டும் ஒரு பிளாஸ்ரிக் செபமாலையும்.

"அக்கா," என்றான் நிருஷன் மெதுவாக. "போன வருசம் இதுக்குள்ளை எத்தினை இருந்தது?"

"ஒண்டுமில்லைத் தம்பி. பெட்டி வைச்சே பத்து மாசந்தான்."

"நூற்றி நாப்பத்தி மூண்டு முறைப்பாடு கிடக்கு."

யசிந்தா பதினொரு வருடமாக இந்த இடத்துக்கு மனேஜர். இன்று மாலை ஐந்து மணிக்குள் 'பி' தரமாவது வராவிட்டால் ஒல்லாந்துக்காரன் நண்டு வாங்கமாட்டான். அவனைத் தவிர வாங்குவதற்கு வேறு ஆளில்லை. அவன் போனால் நாளைக்குக் கேற்றுக்குப் பூட்டு, முப்பத்தெட்டுப் பெண்களும் வீட்டில். பெட்டிக்கு இடம் பார்த்து வைத்ததும் அவள்தான்.

இடம் பார்த்ததுதான் பிழை. பசும்புள்ளியின் விதி இப்படிச் சொன்னது: பெட்டி எல்லாருடைய கண்ணிலும் படவேண்டும். கமரா இருக்கக்கூடாது. அந்த இடத்துக்குப் போக யாரும் பயப்படக்கூடாது. யசிந்தா நிறுவனம் முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். அப்படி ஓர் இடம்தான் இருந்தது. கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கூட்டுக்குள் நிற்கும் அந்தோனியார் சுருவத்தின் காலடி. அங்கே வைத்தாள். இரண்டாம் நாளே யாரோ பெட்டிக்கு மேல் பிளாஸ்ரிக் பூமாலை போட்டார்கள். 'முறைப்பாட்டுப் பெட்டி' என்ற எழுத்து மாலைக்குள் மறைந்துபோயிற்று.

நிருஷன் முதலாவது தாளை விரித்து வாசித்தான். "அந்தோனியாரே, என்ரை மனுசன் குடியை விடவேணும்."

இரண்டாவது: "மகளுக்குக் கனடா விசா கிடைக்கவேணும்."

மூன்றாவது: "மாமியின்ரை வாயைக் கொஞ்ச நாளைக்கு மூடி வையும்."

யசிந்தாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் வந்தது. "ஐயோ தம்பி, உது முறைப்பாடில்லை. உது வேண்டுதல்! எங்கடை பொம்பிளையள் உண்டியல் எண்டு நினைச்சுப் போட்டிருக்கினம்."

"எனக்கு விளங்குதக்கா. எங்கடை அம்மா சைவம், அவவே செவ்வாய்க்கிழமையிலை அந்தோனியாருக்குத் திரி கொளுத்திற ஆள். ஆனா இதுக்கு விளங்காது." ரப்லெற்றைத் திருப்பிக் காட்டினான். வாசித்துக்கொண்டே மூன்றையும் படம் எடுத்துவிட்டிருந்தான். ரப்லெற் அவற்றைத் தானாகவே வகைப்படுத்தியிருந்தது.

குடி: வேலைத்தலத்தில் மதுபானம்.
விசா: ஆட்கடத்தல் அபாயம்.
மாமியின் வாய்: கருத்துச் சுதந்திர மறுப்பு.

"அழியுங்கோ தம்பி!"

"அழிக்கேலாது. நாங்கள் ஏதும் மறைப்பம் எண்ட பயத்திலை அப்பிடிச் செய்திருக்கினம்." கொழும்புக்கு அழைப்பு எடுத்தான். மறுமுனையில் ஒரு பெண் குரல், ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் நடுவில் பேசுகிற குரல். பெட்டிக்குள் இருந்தால் அது முறைப்பாடு. வரைவிலக்கணம், பக்கம் ஒன்பது. தொலைபேசி வைக்கப்பட்டது.

"சரி, முறைப்பாடு எண்டே வைப்பம். கனக்க இருந்தால் என்ன?" என்றாள் யசிந்தா. "சனம் பயப்பிடாமல் எழுதுது எண்டுதானே அர்த்தம்?"

"நீங்களும் நானும் அப்பிடி நினைப்பம். இது, கனக்க இருந்தால் கனக்கப் பிழை எண்டு நினைக்குது. வல்வெட்டித்துறைப் பக்கம் கடல்முத்து எண்டு ஒரு கொம்பனி. அங்கை ஒரு முறைப்பாடும் இல்லை. முழுப் புள்ளி, 'ஏ' தரம்."

"அங்கை பெட்டி இருக்கோ?"

"இருக்கு. நாய்க்கூட்டுக்கு மேலை."

"நாய்?"

"அல்சேசன். அவிட்டுத்தான் விட்டிருக்கினம். பெட்டி இருக்கோ எண்டுதான் கேள்வி. நாய் இருக்கோ எண்டு கேள்வி இல்லை."

அப்போதுதான் நிறுவனத்தின் சொந்தக்காரர் செபநாயகம் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சேட்டு, நெற்றியில் வியர்வை. "என்ன, எல்லாம் முடிஞ்சுதோ? கழிவுத்தொட்டி பாத்தாச்சோ?" என்று அவசரமாகக் கேட்டார்.

"தொட்டிக்குப் போன வருசம் படம் அனுப்பியிருக்கிறியள், ஐயா. வடிவான படம். அதுக்கு முழுப் புள்ளி. நேரை பாக்கத் தேவையில்லை."

செபநாயகத்தின் முகத்தில் ஒரு சந்தோசம் வந்து போயிற்று. ஏன் அவ்வளவு சந்தோசம் என்று யோசிக்க யசிந்தாவுக்கு நேரம் இருக்கவில்லை. நிருஷன் நாற்பத்தோராவது தாளைப் படம் எடுத்திருந்தான். ரப்லெற் அலறியது. திரை முழுக்கச் சிவப்பு.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: "எட்டு வருசமாக் காத்திருக்கிறன். ஒரு பிள்ளையைத் தாரும்."

திரையில் இருந்தது: சிறுவரை வேலைக்குக் கோருதல். அதியுச்ச அபாயம். தீர்க்கப்படாவிடில் நேரடியாக 'டி'.

செபநாயகம் கதிரையில் விழுந்தார். "நான் சின்னப் பிள்ளையளை வேலைக்கு வைக்கிறனோ? என்ரை அந்தோனியாரே!"

"அவரைக் கூப்பிடாதேங்கோ முதலாளி," என்றாள் யசிந்தா. "அவர் பேருக்கு ஏற்கெனவே நூற்றி நாப்பத்தி மூண்டு கிடக்கு." திடீரென்று நிருஷன் பக்கம் திரும்பினாள். "தீர்க்கப்படாவிட்டால் எண்டுதானே போட்டிருக்கு? தீர்ந்திருந்தால்?"

"தீர்ந்ததெண்டால் புள்ளி கூடும். தீர்த்தது ஆர், எப்ப, ஆதாரம் என்ன, முறைப்பாட்டுக்காரர் கைநாட்டு. இவ்வளவும் வேணும்."

யசிந்தா மணிக்கூட்டைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நண்டு உடைக்கும் மண்டபத்துக்குப் போய்க் கத்தினாள். "எல்லாரும் கையைக் கழுவுங்கோ! அந்தோனியாரிட்டைக் கேட்டு ஆருக்கு என்ன கிடைச்சதோ, அவை எல்லாம் வரிசையிலை வாங்கோ!"

*

முதலில் வந்தவள் றொசாந்தி. முப்பத்தெட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரு வாய் என்றால் அது அவளுடைய வாய். "குடிக் காயிதம் என்ரை. மனுசன் விட்டிட்டார். தவக்காலத்தோடை விட்டவர், இன்னும் தொடேல்லை."

நிருஷன் தட்டினான். "தீர்த்து வைச்ச அதிகாரியின்ரை பேர்? இது நிரப்பாட்டி அடுத்த பக்கம் போகாது."

எல்லாரும் கண்ணாடிக் கூட்டைப் பார்த்தார்கள்.

"அந்தோனி எண்டு போடுங்கோ," என்றாள் யசிந்தா.

"முழுப்பேர்?"

"பதுவை அந்தோனி."

"சேவைக்காலம்?"

"எண்ணூறு வருசத்துக்குக் கிட்ட," என்றாள் றொசாந்தி.

"இரண்டு இலக்கந்தான் எடுக்குது."

"அப்ப தொண்ணூற்றொன்பது போடும். அவர் கோவிக்கமாட்டார்."

"முறைப்பாட்டாளர் இவரை எத்தினை மணிக்குச் சந்திக்கலாம்?"

"உமக்கு விசரே தம்பி? எந்த நேரமும்தான்!"

ரப்லெற்றில் ஒரு பச்சைப் புள்ளி விழுந்தது. இருபத்துநாலு மணிநேரமும் சேவையில் உள்ள அதிகாரி: மேலதிகமாக மூன்று புள்ளி.

அதற்குப் பிறகு மண்டபமே கிளம்பிவிட்டது. விசா வந்தவள், தொலைந்த காப்பு அரிசி வாளிக்குள் கிடைத்தவள், மகன் கணிதத்தில் பாஸ் ஆனவள். தேத்தண்ணி போடும் இராசமலர் இரண்டு கைநாட்டு வைத்தாள். "நான் சைவம்தான். பிள்ளையாரிட்டையும் கேட்டனான். ஆர் செய்து தந்ததெண்டு தெரியாது, அதாலை இரண்டு பேரையும் போடுங்கோ." நிருஷன் உப அதிகாரி என்ற இடத்தில் பிள்ளையாரைப் போட்டான். மாமியின் வாய்க்குப் பூட்டுக் கேட்டவள் மட்டும் தலையை ஆட்டினாள். "இல்லைத் தம்பி. அது இன்னும் விசாரணையிலைதான் இருக்கு."

நாலு இருபதுக்கு அறுபத்தெட்டு வீதம் தீர்ந்திருந்தது. உலகச் சராசரி நாற்பது என்று திரை சொன்னது. ஆனால் அந்த ஒரு தாள் இன்னும் சிவப்பாகவே கிடந்தது. பிள்ளை கேட்ட தாள். ஒருவரும் முன்னுக்கு வரவில்லை.

யசிந்தாவுக்கு அந்தக் கையெழுத்துத் தெரியும். நண்டுக்கூடைகளில் நிறை எழுதி ஒட்டுகிற கையெழுத்து. லவீனாவுடையது. எட்டு வருடமாக அவளிடம் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் அழுவாள். இத்தனை பேருக்கு முன்னால் அவளைக் கூப்பிட்டுக் கேட்பதா? முப்பத்தெட்டுப் பேரின் வேலைக்காகவா?

கூப்பிடவில்லை. "தம்பி, உதை விடுங்கோ. 'டி' எண்டால் 'டி'தான்," என்றாள்.

செபநாயகம் துள்ளி எழும்பினார். "என்ன பிள்ளை கதைக்கிறீர்?"

"விடுங்கோ எண்டுறன்!"

வரிசையின் கடைசியில் ஓர் அசைவு. லவீனா வந்தாள். மேசைக்குக் கிட்ட வந்து, ஏப்ரன் பொக்கற்றுக்குள் கையை விட்டு, மடித்து மடித்து மூலை தேய்ந்த கிளினிக் அட்டை ஒன்றை எடுத்து வைத்தாள்.

"நாலு மாசம்," என்றாள். "ஐஞ்சு முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டிருந்தனான்."

அடுத்த கணம் றொசாந்தி கத்திய கத்தலில் கூரையில் இருந்த காகம் எல்லாம் எழும்பிப் பறந்தது. ஆளுக்கு ஆள் லவீனாவைக் கட்டிப் பிடித்தார்கள். நண்டு மணக்கிற கையால் கன்னத்தைத் தடவினார்கள். யசிந்தா மூக்கைச் சீறிக்கொண்டு, "தள்ளி நில்லுங்கோடி, பிள்ளைத்தாச்சி!" என்று எல்லாரையும் ஏசினாள்.

நிருஷன் கிளினிக் அட்டையைப் படம் எடுத்தான். "எப்ப முழுசாத் தீரும் எண்டு கேக்குது."

"ஆவணி," என்றாள் லவீனா.

சிவப்பு, பச்சையானது. ரப்லெற் கொஞ்சம் யோசித்தது. நாலு முப்பத்தெட்டுக்குத் திரையில் ஓர் எழுத்து வந்து நின்றது.

'ஏ'. தற்காலிகமானது. ஐந்து மணிக்கு உறுதியாகும்.

*

செபநாயகம் ஆகாயத்தில் நின்றார். "ஏ! கடல்முத்துக்காரன் இனி என்னைப் பாத்து இளிக்கட்டும் பாப்பம்! தம்பி, உதிலை என்ன, கீழை 'பாராட்டு ஒன்று' எண்டு கிடக்கு?"

"ஆரோ உங்களைப் பாராட்டி எழுதியிருக்கினம் ஐயா. அதுக்கும் இரண்டு புள்ளி."

"அப்பிடியோ! யசிந்தா, எடுத்து வாசியும். சத்தமா வாசியும். பிறேம் போட்டுக் கொழுவுவம்."

யசிந்தா தாளைத் தேடி எடுத்தாள். "அன்பான அந்தோனியாரே, உமக்குக் கோடி நன்றி. எங்கடை முதலாளி தங்கமான மனுசன். நத்தார்ப் பெருநாளுக்கு எங்களை மறக்கிறதில்லை." செபநாயகம் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "ஆனால்..."

யசிந்தா நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிப்பாட்டினீர்? வாசியும்."

வாசித்தாள். இப்போது குரல் வேறு. "ஆனால் ஐஸ் அறைக்குப் பின்னாலை போற குழாய் மூண்டு மாசமாக் கடலுக்கை ஊத்துது. என்ரை மனுசன்ரை வலை நாறுது. முந்தி அதிலை பட்ட இறாலை இப்ப காணேல்லை. முதலாளியிட்டைச் சொன்னால் வேலை போயிடும் எண்டு பயம். நீர் அவருக்குச் சொல்லும். நன்றி, நன்றி."

மண்டபத்தின் அந்தப் பக்கத்தில் றொசாந்தி குனிந்து, ஏற்கெனவே உடைத்த நண்டை மறுபடி உடைத்துக்கொண்டிருந்தாள்.

"முதலாளி," என்றாள் யசிந்தா. "கழுவின தண்ணியெல்லாம் தொட்டிக்குத்தானே போகுது?"

செபநாயகம் வேட்டியின் கரையைப் பார்த்தார். "தொட்டியை இறைக்கிற மோட்டர் எரிஞ்சுபோச்சு பிள்ளை. இரண்டு நாளைக்கெண்டுதான் கடலுக்குப் போற வால்வைத் திறந்துவிட்டனான்."

"மூண்டு மாசம்!"

"பிறகு மறந்துபோனன்." குரல் இறங்கியது. "மறந்தமாதிரி இருந்தன்."

நண்டுக் கொம்பனியில் எந்த நாற்றம் எந்தப் பக்கத்தால் வருகிறதென்று யார் பார்க்கிறார்கள்? யசிந்தாவும் பார்க்கவில்லை. அதை நினைக்க அவளுக்குக் காது சுட்டது.

ரப்லெற்றைக் காட்டினாள். "தம்பி, பிள்ளை கேட்டவளைக் குற்றம் எண்டுது. கடல் நாறுது எண்டவளைப் பாராட்டு எண்டுது. என்ன சாமானப்பா இது?"

"நன்றி எண்ட சொல்லு மூண்டு தரம் வந்திருக்கு. 'தங்கமான' வேறை. அதைப் பாத்துப் போட்டிருக்கு." நிருஷனுக்கே வெட்கமாக இருந்தது. "நான் மாத்தேலாது. மனேஜர் மாத்தலாம். 'திருத்தம்' எண்டு ஒரு பொத்தான் இருக்கு."

"அமத்தினால்?"

"முழுக்கத் திரும்பப் பாக்கும். கடல் மாசு தீராமல் கிடந்தால் 'டி'. தீர்ந்திருந்தால் 'பி' வரலாம், 'சி'யும் வரலாம். உள்ளுக்கை என்ன கூட்டிக் கழிக்குதெண்டு எங்களுக்கும் சொல்லித் தரேல்லை அக்கா. அமத்தாமல் விட்டால்..." மணிக்கூட்டைப் பார்த்தான். நாலு நாற்பத்தாறு. "இன்னும் பதினாலு நிமிசத்திலை 'ஏ'."

செபநாயகம் கிட்ட வந்தார். கெஞ்சினார். "பிள்ளை, நாளைக்குக் காலமை மோட்டர் பூட்டுறன். சத்தியமா. இண்டைக்கு விடும். முப்பத்தெட்டுக் குடும்பம்."

யசிந்தா மண்டபத்தைப் பார்த்தாள். லவீனா ஒரு கதிரையில் இருத்தப்பட்டிருந்தாள், கையில் இராசமலர் கொடுத்த தேத்தண்ணி. றொசாந்தி இன்னும் தலை நிமிரவில்லை. வேலை போகும் என்ற பயத்தில், மனிதரிடம் சொல்லாமல் சுருவத்திடம் சொன்னவள். இந்தத் தாளும் இப்படியே போய்விட்டால் இனி அதையும் எழுதமாட்டாள்.

"முதலாளி, நூற்றி நாப்பத்தி மூண்டிலை தொண்ணூற்றெட்டை அவர் பாத்துச் செய்திட்டார். பிள்ளை குடுத்தார், விசா குடுத்தார். வால்வு பூட்டுறதுக்கும் அவர் கூட்டுக்குள்ளாலை இறங்கி வரவேணுமோ?"

செபநாயகம் கண்ணாடிக் கூட்டைப் பார்த்தார். அந்தோனியாரும் அவரைப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது. என்ன நினைத்தாரோ, வேட்டியை மடித்துக் கட்டினார். ஓடினார்.

எல்லாரும் பின்னால் ஓடினார்கள். ஐஸ் அறைக்குப் பின்னால் முட்பத்தை, மீன் அடைக்கிற பழைய றெஜிபோம் பெட்டிகள், நடுவில் ஒரு கறள் பிடித்த வால்வுச் சக்கரம். செபநாயகம் இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார். அசையவில்லை. நாலு ஐம்பத்திரண்டு.

"தள்ளுங்கோ முதலாளி!" றொசாந்திதான். நண்டு ஓட்டை உடைத்து உடைத்து உரமேறிய கை. ஒரு பக்கம் அவள், மறு பக்கம் அவர். "ஏலோ... ஏலோ..." சக்கரம் கிரீச்சென்று அசைந்தது. இணைப்பில் இருந்து நண்டு கழுவிய தண்ணீர் பீச்சியடித்துச் செபநாயகத்தை உச்சி முதல் பாதம் வரை முழுக்காட்டியது. பிறகு குறைந்தது. சொட்டியது. நின்றது. தொட்டிப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"படம்!" என்று கத்தினாள் யசிந்தா. நிருஷன் எடுத்தான். நாலு ஐம்பத்தாறு. செபநாயகம் நனைந்த கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கு விடிய மோட்டரும் இன்றிரவுக்குக் கழிவுத்தண்ணீர் ஏற்ற ஒரு பவுசரும் வேண்டும் என்று யாரையோ விரட்டினார். நிருஷன் அதையும் ஆதாரத்தில் எழுதினான்.

"அதிகாரியின்ரை பேர்?"

"செபநாயகம்," என்றாள் யசிந்தா. "றொசாந்தி, நீர் கைநாட்டு வையும்."

றொசாந்தி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி தலையில் ஒட்டியிருந்த நண்டுக்காலை எடுத்துப் போட்டுவிட்டு, "வையும் பிள்ளை," என்றார்.

வைத்தாள். யசிந்தா 'திருத்தம்' பொத்தானை அமத்தினாள். வட்டம் சுற்றியது. நாலு ஐம்பத்தெட்டு. சுற்றியது. நாலு ஐம்பத்தொன்பது. செபமாலை உருட்டுகிற முணுமுணுப்புக் கேட்டது, மறு பக்கத்தில் இராசமலர் தேவாரம் ஒன்றைத் தொடங்கியிருந்தாள்.

'பி'.

சத்தம் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. எல்லாரும் கத்தி முடித்த பிறகு, சொட்டச் சொட்ட நின்ற செபநாயகம் ஒரு கேள்வி கேட்டார். "எனக்கொண்டு விளங்கேல்லைத் தம்பி. கடலுக்கை ஊத்தைத் தண்ணி விட்டுக்கொண்டிருக்கேக்கை நான் 'ஏ'. அதை நிப்பாட்டினாப் பிறகு 'பி'யோ?"

நிருஷன் ரப்லெற்றைப் பையில் வைத்தான். "ஓம் ஐயா."

"கடல்முத்துக்காரன் இப்பவும் 'ஏ'?"

"அவையிட்டை ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லையே."

பெட்டிக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டு நிருஷன் தயங்கினான். "அக்கா, இதை வேறை எங்கையும் மாத்தி வையுங்கோவன். அடுத்த வருசம் இருநூறு வரும்."

"வரட்டும்," என்றாள் யசிந்தா. பூமாலையை எடுத்துச் சுருவத்தின் கழுத்தில் போட்டாள். 'முறைப்பாட்டுப் பெட்டி' என்ற எழுத்து இப்போது தெளிவாகத் தெரிந்தது. பெட்டியை அசைக்கவில்லை.

பிறகு மண்டபத்து வாசலில் போய் நின்றாள். முப்பத்தெட்டுப் பேரும் அவளைத்தான் பார்த்தார்கள்.

"நாளைக்கு வழமைபோல ஏழு மணி. லவீனாவுக்கு மட்டும் எட்டு."

"அதென்ன அநியாயம்!" என்றாள் றொசாந்தி. "நானும் எழுதிப் போடப்போறன்."